வெள்ளைச்செட்டை வழக்கு

தம்பி, கேக்கிறனெண்டு குறை நினையாதேங்கோ, நீங்கள் கந்தோர் ஆளோ? கடற்றொழில் கந்தோரிலை உத்தியோகமோ? இல்லையெல்லே. வெள்ளைச் சேட்டும் கையிலை பைலுமாக் கண்டோடனை ஒரு சந்தேகம், அதுதான் கேட்டனான். படிப்பிக்கிறனியளோ? அப்ப பயமில்லை. வாத்திமார் பிழையைத் திருத்துவினமே தவிர வழக்கு எழுதமாட்டினம். இந்த பஸ்ஸிலை கொழும்பு வரைக்கும் போறியளோ? நல்லதாப் போச்சு, நானும் அங்கைதான். எனக்கு ஒரு அநியாயம் நடந்து கிடக்கு. அதை நாலெழுத்துப் படிச்ச மனிசர் ஒருத்தரிட்டைச் சொல்லாட்டி எனக்கு ஆறாது.

என்ர பேர் மனுவேற்பிள்ளை. வடமராட்சிக் கரை. போன மாசம் வரைக்கும் எங்கட துறையின்ர சுறாப் பாதுகாப்புக் குழுவுக்கு நான்தான் தலைவர். சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான். தொப்பி தந்தவை, ரீசேட்டுத் தந்தவை. ரீசேட்டிலை ஒரு சுறா பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கொண்டு நிக்கும். நாற்பது வருசமாக் கடலுக்குப் போறன், ஒரு சுறாவும் என்னைப் பாத்துச் சிரிச்சதில்லை. அவையள் என்னைக் கண்ட நேரம் சிரிக்கிற நேரமுமில்லை.

என்னை ஏன் தலைவராக்கினவை எண்டால், எங்கட பக்கத்திலை என்னைப்போலச் சுறாப் பிடிச்ச ஆள் வேறை இல்லை. நான் பெருமைக்குச் சொல்லேல்லை. கூட்டத்திலை கந்தோர் ஆக்கள், சுறாவைப்பற்றி நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும் எண்டிச்சினம். எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தினம். நானும் திரும்பிப் பாத்தன், எனக்குப் பின்னாலை ஒருத்தரும் இருக்கேல்லை. அப்பிடித்தான் வந்தது அந்தப் பதவி. நானாக் கேட்டுப் போகேல்லை.

ஆனா வந்த பிறகு நான் சும்மா இருக்கேல்லை, தம்பி. மாசத்திலை ஒரு ஞாயிறு, பூசை முடிஞ்சோடனை, வலை வாடியிலை பெடியளை இருத்தி வகுப்பு வைச்சனான். ஒரு தட்டியிலை சுறாப் படமெல்லாம் ஒட்டித் தந்திருந்தவை. ஈக்குக் குச்சியாலை தொட்டுத் தொட்டுக் காட்டுவன். இந்தா, இது வால் சுறா, உடம்பு எவ்வளவு நீளமோ வாலும் அவ்வளவு நீளம், இதைக் கரைக்குக் கொண்டுவரப்படாது. இந்தா, இது வெள்ளைச்செட்டைச் சுறா, முதுகிலையும் பக்கத்திலையும் கிடக்கிற செட்டை நுனியெல்லாம் சுண்ணாம்பிலை தோய்ச்ச மாதிரிக் கிடக்கும், இதையும் கொண்டுவரப்படாது. தூண்டிலிலை பட்டால் நூலை வெட்டி உயிரோடை விடவேணும். மற்றச் சுறாவைக் கொண்டுவரலாம், ஆனா செட்டை உடம்போடை ஒட்டியிருக்கவேணும். ஏனெண்டால் எங்கட ஆக்கள் என்ன செய்யிறவை? செட்டையை அறுத்து எடுத்துக்கொண்டு உடம்பைக் கடலிலை தள்ளிப்போடுறது. செட்டை ஒரு சாக்குக்குள்ளை அடங்கும், உடம்புக்கு ஐஸ் வேணும், இடம் வேணும். அப்பிடிச் செய்தால் எத்தினை சுறா செத்தது எண்டு ஆருக்குத் தெரியும்? நாலு பக்கமும் கடல் இருக்கிற நாடு, ஒரு நாளைக்கு ஒரு சுறா இல்லாமப் போகப்போகுது எண்டு நான் சொல்லேக்கை பின்னாலை இருந்த கிழவியளும் உச்சுக்கொட்டினவை. நான் சொல்லுற விதம் அப்பிடி.

மிஸ் அண்டைக்குக் கை தட்டினவா. மிஸ் எண்டது யோகமலர், எங்கட துறையிலை மீன் அளக்க, பிழை கண்டால் வழக்கு எழுத, கந்தோர் அனுப்பின பிள்ளை. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். இந்த வேலைக்கு வரு மட்டும் கடலைக் கிட்டக் கண்டதில்லையாம். வந்த முதல் கிழமை மீன் மணத்துக்கு ஜெட்டிக்குப் பின்னாலை போய்ச் சத்தி எடுத்தவா. எங்கட பெடியள் நக்கலடிச்சவங்கள், இவா மாசம் முடிய முன்னம் மலையேறிப் போயிடுவா எண்டு. போகேல்லை. மூக்கிலை சேலைத் தலைப்பைக் கட்டிக்கொண்டு, ஒரு கையிலை பூப்போட்ட குடை, மற்றக் கையிலை அளக்கிற நாடா, ஒரு நாள் விடாம வந்து நிப்பா. வருசத்துக்கு வருசம் புதுப்பிக்கிற வேலை, நிரந்தரமில்லை. மேலிடத்திலை ஒருத்தர் முகஞ்சுளிச்சால் வீட்டை போகவேண்டியதுதான். வழக்கு எழுதேக்கையும் "அய்யா, மன்னிச்சுக்கோங்க" எண்டு சொல்லிப்போட்டுத்தான் எழுதுவா. அந்த மன்னிப்பைக் கேட்டால் எங்கட ஆக்கள் காசுப்பையைத் தடவுவினம்.

இனி நடந்ததுக்கு வாறன்.

மாசி மாசம், என்ர போட்டிலை ஆழ்கடலுக்குப் போனனாங்கள். நானும், மனிசியின்ர தம்பி எமிலும், இன்னும் ரெண்டு பேரும். பதினொரு நாள். சூரை மீன் பேருக்குத்தான் பட்டது. எட்டாம் நாள் தூண்டிலை இழுக்கேக்கை ரெண்டு சுறா. ஒண்டு சாதாரண சுறா, சட்டப்படி கொண்டுவரக்கூடியது. மற்றது வெள்ளைச்செட்டை. அது செத்துத்தான் வந்தது, தம்பி. எமில் சொல்லுவான் செவுள் அடிச்சதெண்டு. அவன் எப்பவும் கூட்டித்தான் சொல்லுறவன். கொஞ்சம் அடிச்சிருக்கலாம்.

நான் கத்தியை எடுத்தன். ஏன் எடுத்தனெண்டு கேளாதேங்கோ, கை தன்ர பாட்டிலை எடுத்தது. சுறாவைக் கண்டால் செட்டையை அறுக்கிறது எங்கட கையிலை ஊறின பழக்கம். வெள்ளைச்செட்டையை அறுத்து உடம்பைக் கடலிலை விட்டாச்சு. கரைக்குக் கொண்டுவரப்படாது எண்டுதானே சட்டம்? நான் கொண்டுவரேல்லை. சட்டத்தை நான் மீறேல்லை. மற்றச் சுறாவின்ர செட்டையையும் அந்தச் சூட்டோடை அறுத்தாச்சு, உடம்பை மட்டும் ஐசுக்குள்ளை வைச்சம். எல்லாச் செட்டையும் ஒரே சாக்குக்குள்ளை. வகுப்பு எடுக்கிற ஆள் இப்பிடிச் செய்யலாமோ எண்டு நீங்கள் யோசிக்கிறியள். வகுப்பு கரையிலை, தம்பி. இது கடல்.

பன்ரெண்டாம் நாள் விடிஞ்சு, கரை தெரியத் தொடங்கியிட்டுது. எமில் முன்னுக்கு நிண்டவன் திரும்பி, "அத்தான், குடை நிக்குது" எண்டான். வழக்கமா அவா எட்டு மணிக்குத்தான் வாறவா, அண்டைக்கு ஆறரைக்கே ஜெட்டியிலை பூப்போட்ட குடை விரிஞ்சு நிக்குது. மற்ற ரெண்டு பேரும் சாக்கைக் கடலிலை போடுவம் எண்டினம். போட்டால் உடம்பு கிடக்குதே, செட்டையில்லாத உடம்பு? உடம்பையும் போடுவம் எண்டினம். பதினொரு நாள் பட்ட பாட்டுக்கு உருப்படியாக் கிடந்த மீன் அது ஒண்டுதான். எனக்கு மனம் வரேல்லை.

அப்பதான் நான் சொன்னன், தைப்பம் எண்டு.

எங்கட துறையிலை வலை தைக்கிறதிலை என்னை அடிக்க ஆள் இல்லை. இதையும் பெருமைக்குச் சொல்லேல்லை. கந்தலாக் கிழிஞ்ச வலையை நான் தைச்சுக் குடுத்தால் எந்த இடம் கிழிஞ்சதெண்டு வலைக்காரனே தேடுவான். போட்டிலை ஊசி இருந்தது, தங்கூசி நூல் இருந்தது. இருபது நிமிசம் இருந்தது. செட்டையை வைச்சு, தோலுக்கு உள்பக்கத்தாலை குத்தி, சதைக்குள்ளை முடிச்சுப்போட்டு, இழுத்து, தோலை மேலாலை மடிச்சு, மீன்ர வழுவழுப்பை அள்ளி அதுக்கு மேலை பூசினன். போட் ஆடுது, எமில் உடம்பைப் பிடிக்கிறான், என்ர கண்ணாடி முழுக்க உப்பு, கழட்டி எறிஞ்சுபோட்டுத் தைக்கிறன். முதுகுச் செட்டை ஒண்டு, பக்கச் செட்டை ரெண்டு, மூண்டும் முடிஞ்சுது. மிச்சத்தைச் சாக்கோடை கடலிலை விட்டம். எமில் பக்கச் செட்டையைப் பிடிச்சு ஆட்டிப் பாத்திட்டு, மாதாவாணை பிறக்கேக்கையே இருந்த மாதிரிக் கிடக்கு அத்தான் எண்டான். எனக்கும் அப்பிடித்தான் பட்டது.

ஜெட்டியிலை மீனை இறக்கினம். மிஸ் வந்தா, குனிஞ்சா, செட்டையைப் பாத்தா. "எல்லாம் ஒட்டியிருக்குங்க அய்யா, சந்தோசம்" எண்டா. நானும் சந்தோசப்பட்டன். தலைவர் எண்டால் முன்மாதிரியா இருக்கவேணும் பிள்ளை எண்டு ஒரு வார்த்தையும் விட்டன். அதோடை போயிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. அளக்க முன்னம் மீனைக் கழுவவேணும் எண்டு ஒரு வாளி தண்ணியை எடுத்து ஊத்தினா.

ரத்தமும் சாக்குக் கறையும் கழண்டு ஓடிச்சுது. முதுகுச் செட்டையின்ர நுனி வெள்ளை. பக்கச் செட்டை ரெண்டும் வெள்ளை. சுண்ணாம்பிலை தோய்ச்ச மாதிரி.

விளங்குதோ தம்பி? சாக்குக்குள்ளை கையை விட்டு எமில் எடுத்துத் தந்தது மூண்டும் வெள்ளைச்செட்டையின்ரது. சட்டத்துக்குட்பட்ட ஒரு நல்ல மீனை, நான் என்ர கையாலை, இருபது நிமிசம் கஷ்டப்பட்டு, தடைசெய்த மீனாக்கி, கொண்டுபோய் மிஸ்சின்ர காலடியிலை வைச்சிருக்கிறன்.

அவா என்ர முகத்தைப் பாத்தா. அந்தப் படத் தட்டியை வைச்சு அவாவுக்கே வெள்ளைச்செட்டையைக் காட்டிக் குடுத்தது நான். தெரியாமப் பிடிச்சிட்டன் எண்டு சொல்லேலாது. தைச்சது எண்டும் சொல்லேலாது. அவா, "அய்யா, மன்னிச்சுக்கோங்க" எண்டா. அவ்வளவுதான், எழுதத் தொடங்கியிட்டா. போனிலை பத்துப் பன்ரெண்டு படம் எடுத்தா. சனம் கூடியிட்டுது. தலைவர் வெள்ளைச்செட்டை கொண்டந்திட்டார் எண்டு ஏலம் கூறுறவன் ஏலத்தை நிப்பாட்டிப்போட்டு வந்து பாத்தான்.

நான் கொண்டுவராத சுறாவுக்கு என்னிலை வழக்கு. இதுதான் நான் சொன்ன அநியாயத்தின்ர தொடக்கம்.

மீனைச் சான்றுக்கெண்டு ஐஸ் அறையிலை வைச்சவை. அடுத்த நாள் தொடக்கம் மூண்டு நாள் கரண்ட் இல்லை. நாத்தம் தாங்கேலாம மீனவர் சங்கத்தாக்களே கொண்டுபோய்த் தாட்டுப்போட்டினம். ஒருத்தரும் மீனைப் புரட்டிப் பாக்கேல்லை. மிஞ்சினது படம் மட்டும்தான். நான் செபமாலை சொன்னன், மனிசி றோசலின் கேட்டாள் இப்ப ஆருக்காகச் சொல்லுறியள், உங்களுக்கோ அந்தச் சுறாவுக்கோ எண்டு. அவளுக்கு எல்லாம் பகிடி.

மூண்டு கிழமையாலை விசாரணை. டவுணிலை கந்தோர். கொழும்பிலையிருந்து பெரியவர் ஒருத்தர் வந்திருந்தவர், சுறாவைப்பற்றி வெளிநாட்டிலை படிச்சவராம். அவருக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் ரெண்டு சொல்லு. இடையிலை மொழிபெயர்க்க அண்டைக்கு அங்கை ரெண்டும் தெரிஞ்ச ஆள் மிஸ் ஒருத்திதான். வழக்குப் போட்டவாவே எனக்கும் அவருக்கும் நடுவிலை கதிரை போட்டு இருக்கிறா. ஒரு பக்கம் நானும் எமிலும்.

பெரியவர் படத்தை ஒரு பெரிய திரையிலை போட்டுப் பாத்தார். பாத்தார், பாத்தார், பாத்துக்கொண்டே இருந்தார். பிறகு மிஸ்சைப் பாத்துச் சிங்களத்திலை நிறையக் கதைச்சார். குரல் உயரேல்லை, ஆனா கதை நல்ல கதையில்லை எண்டு எனக்கு விளங்கிச்சுது. மிஸ் தண்ணி ஒரு மிடறு குடிச்சிட்டு, என்னைப் பாத்துத் தமிழிலை சொன்னா.

"அய்யா, சேர் சொல்றாருங்க, இந்த மீனோட மூக்கு, உடம்பு எல்லாம் சாதாரண சுறாவோடதாம். வெள்ளைச்செட்டைக்கு இப்படி இருக்காதாம். நான்தான் பேர் வாங்குறதுக்காகப் போட்டோவுல செட்டைய மாத்தி ஒட்டியிருக்கேனாம். உங்க மேல போட்ட வழக்கத் தள்ளிடுறாராம். என் வேலைய இந்த மாசத்தோட நிப்பாட்டுறாராம். உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கணுமாம்."

சொல்லிப்போட்டு, "மன்னிச்சுக்கோங்க அய்யா" எண்டா. ஒரு சொல்லும் விடாம, தன்னைப்பற்றின பழியைத் தன்ர வாயாலையே எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லுறா.

நான் என்ன செய்தன் எண்டு கேக்கிறியளோ? அநியாயத்தைக் கண்டால் பொறுக்கிற ஆளில்லை நான். எண்டாலும் அந்த நேரம் அவசரப்படக்கூடாது எல்லே. மேசைக்குக் கீழை எமில் என்ர காலை மிதிக்கிறான், பேசாமல் இரு எண்டு. ரெண்டு கையையும் மடியிலை வைச்சுக்கொண்டு, சரி பிள்ளை, மன்னிச்சுவிட்டன் எண்டு பெருந்தன்மையாத் தலையாட்டினன்.

அதோடை எழும்பியிருக்கவேணும். பெரியவர் சும்மா இருக்கேல்லை. திரையிலை அந்த முதுகுச் செட்டையின்ர அடியைப் பெருப்பிச்சுக் காட்டி, விரலாலை ஒரு கோட்டைத் தடவி, சிரிச்சுக்கொண்டு ஏதோ சொன்னார். என்னவாம் எண்டு மிஸ்சைக் கேட்டன். "ஒட்டுறதையாவது ஒழுங்கா ஒட்டியிருக்கலாமாம், அய்யா. ஒட்டின கோடு தெரியுதாம். வேலை தெரியாத ஆள் செஞ்ச வேலையாம்."

வேலை தெரியாத ஆளாம்.

தம்பி, எனக்கு உச்சியிலை ஏறியிட்டுது. அது ஒட்டின கோடில்லை, தோலை மடிச்ச மடிப்பு. அந்த மடிப்பு அந்த இடத்திலை வராட்டி செட்டை நிமிந்து நிக்காது. வெளிநாட்டிலை படிச்ச மனிசனுக்கு மடிப்புக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியேல்லை. நான் எழும்பினன். எமில் சேட்டைப் பிடிச்சு இழுத்தான், பொத்தான் தெறிச்சுப்போச்சு.

"அது போனிலை ஒட்டினதில்லை. அது தைச்சது. தைச்சது நான்" எண்டன்.

மிஸ் மொழிபெயர்க்கேல்லை. என்னையே பாத்துக்கொண்டு இருந்தா. பெரியவர் என்னவாம் எண்டு கேக்கிறார். பிறகு மெதுவா, "அய்யா, இதை நான் சேர்கிட்டச் சொல்லணுங்களா?" எண்டா.

"சொல்லு பிள்ளை. ஒரு சொல்லும் விடாமல் சொல்லு. ஆடுற போட்டிலை, இருபது நிமிசத்திலை, கண்ணாடி இல்லாமல் தைச்சது எண்டும் சேத்துச் சொல்லு."

பெரியவர் நம்பேல்லை. மனிசராலை ஏலாதாம். ஏலுமோ ஏலாதோ பாப்பம், சந்தையிலை ஒரு சுறா வாங்கிக்கொண்டு வாருங்கோ எண்டன். வந்தது. செட்டையை அறுத்து, கந்தோர் மேசையிலை பேப்பர் விரிச்சு, எல்லாருக்கும் முன்னாலை தைச்சுக் காட்டினன். பெரியவர் செட்டையிலை பிடிச்சு முழு மீனையும் தூக்கிப் பாத்தார். கழறேல்லை. கந்தோர் ஆக்கள் கை தட்டினவை, தம்பி. பெரியவரே எழும்பி எனக்குக் கை தந்தார். அதை எமிலைக் கேட்டாலும் சொல்லுவான், இப்ப அவன் என்னோடை கதைக்கிறதில்லை.

கை தந்த சூட்டோடை ஒரு கேள்வி கேட்டார். மிஸ் திருப்பிச் சொன்னா, அப்ப அந்த வெள்ளைச்செட்டைக்குரிய உடம்பு எங்கை எண்டு.

அதை நான் யோசிக்கேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் ரெண்டு வழக்கு எழுதினவை. செட்டை அறுத்தது ஒண்டு, தடைசெய்த சுறாவைச் சாக்காட்டினது ஒண்டு. போட்டின்ர லைசன்ஸ் ஆறு மாசத்துக்கு இல்லை. தலைவர் பதவி போச்சு. அந்தச் சிரிக்கிற சுறா ரீசேட்டை றோசலின் இப்ப குசினியிலை கைப்பிடித் துணியாக்கிப்போட்டாள். இப்ப என்ர நியாயத்தைக் கேளுங்கோ. ஜெட்டிக்கு நான் கொண்டுவந்தது ஒரே ஒரு மீன். ஒண்டில் அது வெள்ளைச்செட்டைச் சுறா, அப்ப செட்டை அறுத்த வழக்கு நிக்காது. இல்லாட்டி அது தைச்ச சுறா, அப்ப வெள்ளைச்செட்டை வழக்கு நிக்காது. ஒரு மீனுக்கு ரெண்டு வழக்கு எந்த ஊர் நியாயம்? ரெண்டும் நடந்தது தானே எண்டு றோசலின் கேக்கிறாள். அவளுக்குச் சட்டம் விளங்காது.

மிஸ்சுக்கு வேலை போகேல்லை. இப்ப ஒவ்வொரு சுறாவையும் குனிஞ்சு செட்டையின்ர அடியை விரலாலை அமத்தி, உள்ளுக்கு முடிச்சுத் தட்டுப்படுதோ எண்டு பாத்துத்தான் விடுறா. எல்லாம் அண்டைக்குக் கந்தோர் மேசையிலை நான் தைக்கேக்கை பாத்துப் படிச்சது. அதாலை என்ர ஊர்ச் சனம் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிப் போகுது.

போன கிழமை அவா தோட்டத்துத் தேயிலைப் பக்கற் ஒண்டோடை வீட்டை வந்தவா. அம்மா அனுப்பினதாம். "நீங்க அன்னைக்கு எந்திரிச்சுப் பேசலைன்னா நான் இன்னைக்கு ஊர்ல இருந்திருப்பேங்க" எண்டு சொல்லேக்கை கண் கலங்கியிட்டுது பிள்ளைக்கு. நான் ஒண்டும் சொல்லேல்லை. றோசலின் கதவோடை நிண்டு என்னைப் பாத்த பார்வையைப் பாக்கவேணும். தேத்தண்ணி நல்ல தேத்தண்ணி.

அந்த நேரம் எனக்கு ஒரு யோசினை வந்தது. பிள்ளைக்கு நல்லாச் சிங்களம் தெரியும், என்னிலை ஒரு நன்றியும் இருக்கு. மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தா, இந்த ஆறு மாசத்தைக் குறைக்கச் சொல்லி எண்டு கேட்டன். உடனை ஓம் எண்டா. எழுத முன்னம் கொஞ்சம் கேள்வி கேட்டா. அந்த வெள்ளைச்செட்டை எந்த இடத்திலை பட்டது, எவ்வளவு நீளம், ஆணோ பெண்ணோ. பெண். வயித்திலை குட்டி இருந்ததோ? நான் பாக்கேல்லை, உடம்பைத் தள்ளியாச்சே. அதுக்கு முன்னம் வெள்ளைச்செட்டையை எப்ப கண்டீங்க எண்டா.

யோசிச்சன், தம்பி. என்ர இளவயதிலை போட்டை விட்டு விலகாது அதுகள். பத்துப் பதினைஞ்சு, நாய் மாதிரிப் பின்னாலையே வரும், நாங்கள் மிச்சத்தை எறிஞ்சு விளையாடுவம். பிறகு அஞ்சாறாச்சு. பிறகு ஒண்டு ரெண்டு. இதுக்கு முன்னம் கடைசியாக் கண்டது எப்ப எண்டு எவ்வளவு யோசிச்சும் வரேல்லை. ஏழு வருசம் இருக்கும். அவா கேட்டா, அப்ப ஏழு வருசத்துக்குப் பிறகு வந்த ஒண்டையா அய்யா எண்டு. ஓம் எண்டன். அவா பேனையை மேசையிலை வைச்சா. எனக்கும் ஒரு மாதிரிப் போச்சு. அந்த இரவு நித்திரை வரேல்லை, பொய் சொல்லேல்லை.

அந்தக் கடிதம்தான் இது. இதைக் குடுக்கத்தான் கொழும்புக்குப் போறன். கீழை என்ர கையெழுத்தும் அவாவின்ர கையெழுத்தும், வாசகம் மட்டும் அவாவின்ரது. என்ன எழுதிக் கிடக்கெண்டு எனக்குத் தெரியாது, எல்லாம் சிங்களம். நீங்கள் என்ன படிப்பிக்கிறியள்? ரெண்டாம் மொழியோ? சிங்களமோ? அட, அதை முதலே சொல்லியிருக்கலாமே. இந்தாங்கோ, வாசிச்சுத் தமிழிலை சொல்லுங்கோ. பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியிலை நிக்குது, சனம் கற்பூரம் கொளுத்தி, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வர நேரம் இருக்கு.

ம்.

ம். பேர், ஊர், போட் இலக்கம், எல்லாம் சரி.

"வழக்குத் தள்ளப்பட்ட பிறகும், தான் தப்பிப் போயிருக்கக்கூடிய நேரத்தில், எனக்காக எழுந்து உண்மையைச் சொன்ன நேர்மையான மனிதர்" எண்டு வாசிக்கிறியள். எனக்காக எண்டோ மிஸ் எழுதியிருக்கிறா? வடிவாப் பாருங்கோ. அப்பிடியேதானோ.

மேலை வாசியுங்கோ.

ஆறு மாதத் தடையைக் குறைக்க வேண்டாம் எண்டோ? வேண்டாமோ? தம்பி, நீங்கள் பிழையா வாசிக்கிறியள். திருப்பி வாசியுங்கோ. "ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த ஒரு பெண் சுறா இறந்திருக்கிறது, அதற்கு இந்தத் தடை அதிகமில்லை என்று அவரே ஒப்புக்கொள்ளுவார்." நான் எப்ப ஒப்புக்கொண்டனான்? சரியான கெட்டிக்காரியாய்க் கிடக்கு. என்ர தண்டனையைக் குறைக்கவேண்டாமெண்டு என்ர கையெழுத்தோடையே எழுதி, கொண்டுபோய்க் குடு எண்டு என்னையே பஸ் ஏத்தியும் விட்டிருக்கிறா.

சிரியுங்கோ, சிரியுங்கோ. மிச்சத்தையும் வாசியுங்கோ.

"அந்த ஆறு மாதமும் இறங்குதுறையில் என்னோடு நின்று செட்டை பார்க்க அவரை அனுமதிக்க வேண்டும். இவரைப் போலத் தைக்கத் தெரிந்த ஒருவர் இந்தத் தீவிலேயே இல்லை, ஆகவே தையலைக் கண்டுபிடிக்கவும் இவரை விட ஆள் இல்லை." தீவிலேயே எண்டோ கிடக்கு? ம். அதிலை அவா பிழை விடேல்லை.

தாருங்கோ, மடிச்சு வைக்கிறன்.

ஆறு மாசம் கிடக்கட்டும். சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஜெட்டியிலை நிக்கிறதுக்கு எனக்கு வெக்கமில்லை, எங்கட ஆக்கள் எங்கெங்கை தைப்பாங்கள் எண்டு எனக்குத்தானே தெரியும். ஆனா தம்பி, அந்த "எனக்காக" எண்ட சொல். அது சரியில்லை. நான் அந்தப் பிள்ளைக்காக எழும்பேல்லை. உன்ர வேலை போகுதாம் எண்டு அவாவே எனக்குச் சொல்லேக்கை நான் தலையாட்டிக்கொண்டு இருந்தனான். உங்களுக்குச் சொன்னன்தானே. அவாவுக்கு நான் சொல்லேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் பேசாமல் இருந்தனான்.

அந்தச் சொல் கிடக்கிற கடிதத்தை என்னெண்டு நான் ஒரு கந்தோரிலை நீட்டுறது?

கொண்டக்டர் தம்பி, என்னை வவுனியாவிலை இறக்கிவிடுங்கோ. திரும்பிப் போற பஸ் எத்தினை மணிக்கு? பின்னேரம் ஜெட்டியிலை அந்தப் பிள்ளை நிக்கும், போய் நடந்ததைச் சொல்லி வேறை கடிதம் எழுதுவிக்கவேணும். தையலைப்பற்றி எழுதினதை மட்டும் அப்பிடியே விடச் சொல்லவேணும்.